ஏழாவது ஆள்

பந்து ஆடினவன் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்திவைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே எதிரே இருக்கிறவர் "எந்த டீமுக்கு சார்?" என்பார். நான் சொன்னால் "ஓ" என்பார். அந்த "ஓ"வைக் கேட்கப் பிடிக்காமலே பல பேரிடம் ஆடியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மெட்ராஸ் ஃபுட்பால் லீகில் கடைசி டிவிஷனில் ஆரம்பித்து, ஒரு படி ஏறி, மறுபடியும் கடைசி டிவிஷனுக்கே வந்து சேர்ந்த, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பேக்கைப் பற்றி மனிதர்கள் வேறு என்னதான் சொல்வார்கள், பாவம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. செங்கல்பட்டில் பீச் ஸ்டேஷன் போகிற ரயில் ஏறி, ஷூ இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். ஆடியது ஒரு ஆபீஸ் டீமுக்கு. டீமில் பாதிப் பேர் பர்மனென்ட், மீதிப் பேர் என்னைப் போல கேஷுவல். காலையில் ஃபைல் தூக்க வேண்டும், சாயங்காலம் எதிர் டீம் ஃபார்வர்டைத் தூக்க வேண்டும். "இந்த சீசன் முடியட்டும்டா, உன் பேரை மேல அனுப்பிடறேன்" என்று டீம் மேனேஜர் ஒவ்வொரு சீசனும் சொன்னார். ஒவ்வொரு சீசனும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? என் வயதுப் பையன்கள் டிகிரியை வைத்துக்கொண்டே ஊரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழை பெய்து காய்ந்து, மாட்டுக் குளம்புத் தடமெல்லாம் கல்லாக இறுகிக் கிடந்த ஒரு கிரவுண்டில் என் வலது கால் அப்படியே நட்டுக்கொண்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ஏதோ பட்டென்று தெறித்த சத்தம் எனக்கே கேட்டது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போனது எலும்பே இல்லை, உள்ளே இருக்கிற ஜவ்வு. அவர் முட்டையையும் பச்சிலையையும் குழைத்துப் பூசி இறுக்கிக் கட்டி அனுப்பினார். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது, முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதை விட்டிருந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். "நடக்கலாம், நிக்கலாம். ஓடித் திரும்பினீங்கன்னா மொத்தமா போயிடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர்.

டீம் மேனேஜர் ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அடுத்த சீசனுக்கு வேறு ஸ்டாப்பர் வந்துவிட்டான். அத்தோடு கை கழுவிவிட்டார்கள். இருபத்தாறு வயதில் என் பந்தாட்டம் முடிந்தது.

அப்புறம் கல்யாணம், அப்புறம் பிழைப்பு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராகச் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. டாக்டர்தான் நிற்கலாம் என்று சொல்லியிருந்தாரே! நின்றேன். வளைவுகளில் மட்டும் இடது காலில் பாரத்தைப் போட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

மாமல்லபுரத்தில் பகல் ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில் வண்டி நிற்கும். டிரைவர் சீட்டில் படுத்துத் தூங்குவார். எனக்குப் பகலில் தூக்கம் வராது. கடற்கரையோரம் தெற்கே நடந்து போவேன். கொஞ்ச தூரத்தில் சவுக்குத்தோப்பு, அதைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணலில் குப்பத்துப் பையன்கள் பந்து ஆடுவார்கள். முதல் நாள் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மணலில் பந்து உருளாது இல்லையா, அதனால் அவர்கள் பந்தைத் தரையிலேயே விடுவதில்லை. காலால் அள்ளி, தொடையில் வாங்கி, அந்தரத்திலேயே பாஸ் கொடுத்தார்கள். அரை மணி நேரம் பார்த்தபின் சிரிப்பு நின்றது. மெட்ராஸில் நான் ஆடிய டீமில் ஒருவனுக்குக்கூட அந்தத் தொடை கிடையாது.

ஐந்தாறு நாள் சும்மா பார்த்தேன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "டேய், பேக்குல நிக்கறவங்க எல்லாரும் ஏன்டா பந்து பின்னாலயே ஓடறீங்க, ஒருத்தனாவது ஆளைப் புடிங்கடா!" என்று கத்திவிட்டேன். ஆட்டம் நின்றது. இருபத்திரண்டு வயது இருக்கும், கறுத்து நெடுத்த ஒருத்தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நீ யாரு அண்ணாத்த? பஸ்ல டிக்கெட்டு கிழிக்கிற ஆளுதானே?"

"ஆமா."

"உனுக்கு இன்னா தெரியும் பந்தைப் பத்தி?"

பேன்ட்டைத் தூக்கி முட்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். "அடப்பாவமே" என்றான். பிறகு பந்தை என் கையில் கொடுத்து, "சரி, சொல்லிக் குடு" என்றான். அவன்தான் எங்கள் கேப்டன். நான் கோச்சு, மேனேஜர், ஜெர்சி சுமக்கிறவன், எல்லாமும்.

கேப்டனுடைய அப்பாவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். கரையில் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டே, "ஏன் கண்டக்டரு, எம் புள்ள பந்து ஒதைச்சா மீனு வூட்டுக்கு நடந்து வந்துடுமா?" என்பார். கோல் கம்பத்துக்கு வலை இல்லாமல் தவித்தபோது, "கிழிஞ்ச வலை ஒண்ணு கீது, எடுத்துகினு போ. நல்ல வலையில கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்" என்றும் அவர்தான் சொன்னார். பிராக்டீஸ் நடக்கிற நாளெல்லாம் அவர் அங்கேதான் இருப்பார். பிள்ளை கோலைத் தவறவிட்டால் முதல் வசவு அவரிடமிருந்துதான் வரும். எனக்கு அந்த மனுஷனை மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. ட்ரிப் முடிந்து வரும்போது அவருக்கு வெற்றிலை வாங்கிப் போக ஆரம்பித்தேன்.

ஜில்லா லீகின் கடைசி டிவிஷனில் சேர வேண்டும் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து சம்மதிக்க வேண்டும். அங்கே தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் பேச்சுதான் குப்பத்துக்குச் சட்டம். நாட்டார் அதிகம் யோசிக்கவில்லை. கோயில் பணத்தில் ஜெர்சி வாங்கச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான். "ஊரு பேரு நெஞ்சுல பெருசா இருக்கணும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் தூரத்துலேர்ந்து தெரியணும்." மாமல்லபுரத்தில் போர்டு எழுதுகிற ஒருவரைக்கொண்டு நீல ஜெர்சியில் வெள்ளையாக எழுதினோம். ஒவ்வொரு மேட்ச்சுக்குப் பிறகும் மூட்டையை நான் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவேன், என் மனைவி துவைத்துப் போடுவாள். "மெட்ராஸுல ஆடி கிழிச்சது போதாதுன்னு இது வேறயா? உனக்கு இன்னா மெடலா குத்தப் போறாங்க?" என்று கேட்டுக்கொண்டே துவைப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டு மூன்று வருஷம் நான் மனுஷனாக இருந்தேன். தரையில் பந்து ஓடும் என்பதையே அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. வற்றிய ஏரி ஒன்றில் ஷூ போட்டு ஓடவிட்டேன். கால் கொப்பளித்து, ஷூவைக் கடலில் எறிகிறேன் என்று கிளம்பினான் ஒருத்தன். மீன்பிடித் தடைக்காலத்தில் நாள் தவறாமல் பிராக்டீஸ். குப்பத்து ஆள் போதாமல் வெளியிலிருந்தும் சிலரைச் சேர்த்தேன். மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் கல் கொத்துகிற இரண்டு பேர், அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருந்து இரண்டு பேர், லாட்ஜில் வேலை பார்த்த ஒருத்தன், ஓர் ஆட்டோ டிரைவர். கடைசி டிவிஷனில் நடு இடம் பிடித்தோம். ஒரு வருஷம் மேலே போயிருக்க வேண்டியது, கடைசி மேட்ச்சில் கோட்டை விட்டோம். பஸ்ஸில் நின்றுகொண்டே யாரை எங்கே ஆடவிடலாம் என்று யோசிப்பேன். சில்லறை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்குவேன். வீட்டில் குழந்தை அழுதாலும் காதில் விழாது. என்னை வேண்டாம் என்று சொல்லாத ஒரே டீம் அது.

சுனாமிக்கு முந்தைய சீசன். ஒரு மேட்ச் அன்று விடிகாலையில் நெத்திலி கூட்டமாக வந்திருக்கிறது என்று எவனோ கத்த, மொத்த டீமும் கடலுக்குப் போய்விட்டது. ஜெர்சி மூட்டையோடு நான் மட்டும் மதுராந்தகம் கிரவுண்டில் நின்றேன். ரெஃப்ரி வாட்ச்சைப் பார்த்துவிட்டு, ஆடாமலே ஜெயித்ததாக எதிர் டீமுக்கு வாக்ஓவர் கொடுத்துவிட்டார். என்ன செய்ய? அவர்களைத் திட்டவும் முடியாது. வருஷத்தில் நாலு நாள் வருகிற மீன்பாடு அது.

லீக் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார். "ஒரே சீசன்ல இன்னொரு வாக்ஓவர் குடுத்தீங்கன்னா உங்க கிளப்பை லீக்ல இருந்தே எடுத்துடுவேன். மறுபடியும் உள்ள வரவே முடியாது. உங்க ஆளுங்களுக்கு லீக்குன்னா விளையாட்டாப் போச்சு." விளையாட்டுதானே ஐயா என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசி மேட்ச் எங்கள் செங்கல்பட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிர் டீம் ஒரு கம்பெனியுடையது. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை, போய் நின்றால் போதும். பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு, டீமை அழைத்துவர வேன் பேசிக்கொண்டு காலையிலேயே குப்பத்துக்குப் போனேன்.

சவுக்குத்தோப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். படகெல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தது. நல்ல காற்று, நல்ல வெயில், கடலில் ஒரு படகு இல்லை. கரையில் ஒரு பொம்பளை கூடை வைத்திருக்கவில்லை. பிறகுதான் சங்குச் சத்தம் கேட்டது.

கேப்டனின் அப்பா. விடிகாலையில் படகைத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர் எழவே இல்லையாம். வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கேப்டன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் விழுந்தான்.

"அண்ணாத்த, நைனா போய்ட்டாரு அண்ணாத்த! நேத்து ராத்திரி கூட, நாளைக்கு கோலு போடாம வூட்டுக்கு வராதடான்னு சொன்னாரு அண்ணாத்த!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மெய்யாகவே அழுதேன். ஆனால் அழும்போதே மணி என்ன என்று ஒரு மனசு பார்த்துக்கொண்டிருந்தது. கோச்சாக இருந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் படகு கடலில் இறங்காது, ஆம்பிளை எவனும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டான். கடலூர் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வரவேண்டும், சாயங்காலம்தான் எடுப்பார்கள். நாட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு, டீமில் இருக்கிற மற்றப் பையன்களையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொணம் வூட்டுல கீது தம்பி. நெத்திலி வந்தாலே போவ மாட்டோம். பந்துக்குப் போவாங்களா? இன்னா கேக்குற நீ?"

மாமல்லபுரம் போய் டெலிபோன் பூத்திலிருந்து செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். இப்படி ஒரு சாவு, மேட்ச்சைத் தள்ளிப் போடுங்கள் என்றேன்.

"யாருப்பா செத்தது? பிளேயரா?"

"பிளேயரோட அப்பா சார்."

"அப்ப பிளேயர் உசுரோடதானே இருக்கான்? டீமோட வா, இல்லைன்னா விடு" என்று வைத்துவிட்டார். அவர் கழுத்தை நெரித்திருப்பேன். நடுவில் டெலிபோன் கம்பிதான் இருந்தது.

திரும்பி வந்தேன். வேனுக்குப் பக்கத்தில் வெளியூர்ப் பையன்கள் காத்திருந்தார்கள். டவுன்ஷிப் பையன் ஒருத்தன், "சார், நாங்க ஆறு பேர்தான் இருக்கோம்" என்றான். பந்தாட்டத்தில் ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தை ஆரம்பிக்கலாம். நடுவில் ஏழுக்குக் கீழே குறைந்தால் ஆட்டம் செல்லாது. ஆறு பேர் என்றால் வாக்ஓவர். வாக்ஓவர் என்றால் கிளப் இல்லை.

சீசன் ஆரம்பத்தில் பதினாறு பேர் பதிய வேண்டும் என்றார்கள், எங்களுக்குப் பதினைந்துதான் தேறியது. எண்ணிக்கைக்காக என் பேரையும் பதிந்திருந்தேன். நாற்பதை நெருங்குகிற வயது. டாக்டர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. பஸ் வேலை ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் "ஏழு பேர் இருக்கோம்டா, ஏறுங்க" என்றேன். ஒரு தடவை ஆபீஸ் டீம் என்னைத் தூக்கிப் போட்டது. இந்த டீமையும் எவனோ ஒருத்தன் வாட்ச்சைப் பார்த்துத் தூக்கிப் போடுவதற்கு நான் விடுவதாக இல்லை. கிளம்புமுன் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கேப்டனின் சித்தப்பா மகனிடம், "மேட்ச்சை வுட முடியாது. நாங்க போய்ட்டு, தூக்கறதுக்குள்ள வந்துடறோம்" என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டு கிரவுண்டில் என்னைத் தெரிந்த முகங்கள் நிறைய. நான் அரை டிராயரோடு இறங்கியதும் ஒரே விசில். "இன்னாண்ணா, இன்னும் ரிட்டயரு ஆவலியா?" என்று ஒருத்தன். "தொப்பைக்கு தனியா ஒரு ஜெர்சி குடுங்கடா!" என்று இன்னொருத்தன். எதிர் டீம் ஆட்களும் சிரித்தார்கள். ரெஃப்ரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னோடு அந்தக் காலத்தில் ஆடியவர். "முட்டி எப்படி இருக்கு?" என்று மெல்லக் கேட்டார். "இருக்கு" என்றேன்.

முட்டியில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்டாப்பராக நின்றேன். ஓடவில்லை, கத்தினேன். பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நாய் மாதிரி ஓடினார்கள். முதல் பாதியில் ஐந்து கோல் வாங்கினோம். ஒரு வெட்கமும் இல்லை எனக்கு. ஐம்பது கோல் போடுங்கடா, விசில் ஊதுகிற வரை நாங்கள் ஏழு பேரும் உள்ளே இருப்போம்.

இரண்டாவது பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய விங்கர் என்னைத் தாண்டப் பார்த்தான். பழைய புத்தி, உடம்பு தானாகத் திரும்பியது. அதே சத்தம். இந்தத் தடவை வலி வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தரையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்தேன். ரெஃப்ரி வந்து குனிந்தார்.

"வெளிய போயிடு. நான் ஆட்டத்தை நிறுத்திடறேன்."

"நிறுத்தினா எங்க கிளப்பு போயிடும்."

"உன் காலு போயிடும்டா!"

"என்னைத் தூக்கி நிறுத்து. நான் ஆடறேன்னு சொல்றேன். அப்புறம் உனக்கு என்ன?"

அவர் கண் கலங்கியிருந்தது. லாட்ஜுப் பையனும் ஆட்டோ டிரைவரும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இடது காலில் நின்று, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டே வந்தது. வாந்தி எடுத்தேன். பந்து என்னைத் தாண்டித் தாண்டி உள்ளே போனது. விசில் அடித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. அவர்களுடைய ஃபார்வர்ட் ஒருத்தன், சின்னப் பையன், பந்தை வலைக்குள்ளிருந்து எடுக்க வந்தவன், "போதும்ணா, விட்ருங்கண்ணா" என்று கெஞ்சினான். "உன் வேலையைப் பார்றா!" என்று கத்தினேன். அவன் அதற்கப்புறம் கோல் பக்கமே வரவில்லை.

கடைசி விசில் ஊதியபோது பதினொரு கோல் வாங்கியிருந்தோம். நாங்கள் ஒன்றும் போடாமல் தோற்றோம். தோற்றோம் என்றால் ஆடினோம் என்று அர்த்தம். கம்பத்தை விட்டுக் கீழே சரிந்து நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பையன்கள் பயந்துவிட்டார்கள்.

தூக்குவதற்குள் போகிறேன் என்று சொன்னது நடக்கவில்லை. என்னை வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் அங்கே பெஞ்சில் கிடந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முட்டி இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே பஸ் முதலாளி வேறு கண்டக்டரைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிற்க முடியாதவனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

படுத்துக் கிடந்த நாளெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அடுத்த சீசன் இருக்கிறது. பிள்ளை எப்படியோ வளர்ந்துகொள்ளும், வேலை போனால் போகட்டும், கிளப் இருக்கிறது. ஓடத் தேவையில்லை, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினால் போதும்.

கருமாதி முடிந்த மறுநாள் கேப்டனின் சித்தப்பா மகன் செங்கல்பட்டுக்கு வந்தான். "பஞ்சாயத்து கூப்புடுது அண்ணாத்த" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷமாகச் சட்டை மாற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு, நான் வேலை பார்த்த பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன்.

கோயில் முன்னால் மணலில் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் மொட்டைத் தலையோடு நடுவில். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். நாட்டார் என் காலைப் பார்த்தார், வருத்தப்பட்டார், எண்ணெய் ஒன்று சொன்னார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு மேட்ச்சு ஆடினீங்களாமே?"

"ஆடினோம் நாட்டாரே. கிளப்பைக் காப்பாத்திட்டோம். அடுத்த வருஷமும் நம்ப டீமு லீக்குல கீது!"

நாட்டார், "எந்தப் பனியனைப் போட்டுகினு ஆடின?" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. "நம்ப பனியன்தான்."

"பொணம் வாசல்ல கீது. ஊருல ஒரு அடுப்பு பத்த வைக்கல, ஒரு படகு எறங்கல. செங்கப்பட்டுல எங்க ஊரு பேரு நெஞ்சுல போட்டுகினு ஏழு பேரு பந்து ஒதைச்சிகினு கீறாங்க. விசில் அடிச்சாங்களாமே? சிரிச்சாங்களாமே? கடலூருலேர்ந்து எழவுக்கு வந்தவன் செங்கப்பட்டுல பஸ்ஸு மாறச் சொல்லோ பாத்துட்டு வந்து, உங்க ஊருல இன்னிக்கு மேட்ச்சாமேன்னு எங்களாண்ட கேட்டான். நாங்க மூஞ்சை எங்க வெச்சிக்கிறது?"

"நான் சொல்லிட்டுத்தானே போனேன்? உங்க ஆளு ஒருத்தரைக்கூட நான் கூட்டிகினு போவலியே!"

"ஆளு போனா தப்பில்ல தம்பி, நீ வெளியாளு, உன்னைத் தடுக்க மாட்டோம். ஊரு பேரு எங்களுது. அத்த வூட்டுல வெச்சிட்டுப் போயிருக்கணும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேறு பேரில் ஆடினால் அது லீக்கே இல்லை ஐயா, அந்தப் பேருக்காகத்தானே ஆடினேன், இந்தக் காலைப் பாருங்கள் என்று கத்தினேன். வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் செய்தது தப்பு என்று அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் சொன்னது தப்பு என்றும் சொல்ல வரவில்லை. என்ன எழவு இது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாட்டார் கையை உயர்த்தினார். "நான் ஒண்ணியும் சொல்லல. செத்தது இவன் நைனா. டீமு இருக்கணும்னு இவன் சொன்னா இருக்கட்டும். இவன் சொல்லட்டும்."

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. அவன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி கோலு வாங்கின அண்ணாத்த?"

"பதினொண்ணு."

"கடைசி வரிக்கும் உள்ளயே நின்னியா?"

"நின்னேன்டா."

தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "கலைச்சிடுங்க நாட்டாரே" என்றான்.

அத்தோடு கூட்டம் முடிந்தது. மணலில் ஊன்றுகோல் புதைந்ததால் என்னால் தனியாக நடக்க முடியவில்லை. அவனே வந்து என் கக்கத்தில் கை கொடுத்தான். நான் திட்டிக்கொண்டே வந்தேன், வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். நன்றி கெட்டவனே என்றேன், உனக்காக ஒரு காலையே கொடுத்தேனேடா பாவி என்றேன். தார் ரோடு வரும் வரைக்கும் அவன் என் கக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

ரோட்டில் நின்றபின் சொன்னான். "நைனாவைத் தூக்கச் சொல்லோ பாடையில ஒரு பக்கம் உனுக்குன்னு வுட்டு வெச்சிருந்தேன் அண்ணாத்த. நீ அவருக்கு வெத்தல வாங்கியாருவ, உன்ன அவருக்குப் புடிக்கும். வந்துடுவேன்னு சொன்னியாமே. நாட்டாரு தூக்கு தூக்குன்னாரு. நான் ரோட்டையே பாத்துகினு நின்னேன்."

பஸ் வந்தது. என் வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்து, அவன்தான் என்னை ஏற்றிவிட்டான்.